முட்டாள் ஜெனரலும் மாங்காய்த் துண்டும்

1

2014 ஜனவரித் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சண்டை மூண்டது. முதல் உலகப் போர் தொடங்கி நூறாண்டு ஆவதை நினைவுகூர அரசாங்கம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அன்றைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் 'டெய்லி மெயில்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் போரைப் பற்றி மக்கள் மனசில் பதிந்திருக்கிற சித்திரமே தப்பு, நாடகமும் தொலைக்காட்சியும் சேர்ந்து உருவாக்கிய கற்பனை அது, இடதுசாரி அறிவாளிகள் அதை ஊதிப் பெரிசாக்குகிறார்கள், உண்மையில் ஜெர்மனியின் ஆதிக்க வெறிக்கு எதிரான நியாயமான போர்தான் அது என்பது அவர் வாதம். பேர் சொல்லி அவர் குற்றம் சாட்டியவற்றில் ஒன்று 'பிளாக்ஆடர்' என்கிற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். பள்ளிக்கூடங்களில் முதல் உலகப் போர் பாடத்துக்கு அந்தத் தொடரை ஆசிரியர்கள் போட்டுக் காட்டுவது வழக்கமாகியிருந்தது. அதில் பால்ட்ரிக் என்ற சிப்பாயாக நடித்த டோனி ராபின்சன் பதில் கொடுத்தார். ஆசிரியர்கள் பாடத்தைச் சுவைபடுத்த எடுத்துக்கொள்ளும் பல கருவிகளில் இது ஒன்று, இதற்காக அவர்களைச் சாடுவது சரியில்லை என்றார். தொழிற்கட்சிக்காரர்களும் பேராசிரியர்களும் களத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகள் பல நாள் இதைப் பேசின.

ஒரு காமெடி நிகழ்ச்சிக்கு எதிராக ஓர் அமைச்சர் பேனாவைத் தூக்குகிறார் என்றால் அதைச் சும்மா வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. பாடப்புத்தகத்தைப் பரீட்சை முடிந்ததும் பிள்ளை மறந்துவிடுகிறது. சிரித்தது மட்டும் நிற்கிறது. ஒரு தலைமுறையின் வரலாற்று ஞாபகம் பாடநூல் கழகத்தின் கையைவிட்டு நழுவி ஒரு நடிகனின் முகச்சுளிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுதான் அமைச்சரின் பயம். பயம் நியாயமானதுதான். அவர் அதற்குக் கண்டுபிடித்த காரணம்தான் கோளாறு.

அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் கேட்ட கேள்வி ஒன்றே: 'இந்த நிகழ்ச்சி காட்டுவது உண்மையா, பொய்யா?' இது வரலாற்றாசிரியர்களின் கேள்வி, அவசியமான கேள்விதான். ஆனால் பகடியைப் பிரதியாக வாசிக்கிறவன் கேட்கவேண்டியது வேறு. இந்தச் சிரிப்பு யார் பக்கம் நின்று, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? சிரிக்கிற கூட்டத்திலும் சேராமல், சிரிக்கப்படுகிற கூட்டத்திலும் சேராமல் வெளியே நிற்பவர் யார்?

2

'பிளாக்ஆடர்' 1983 முதல் 1989 வரை நான்கு தொடர்களாக வந்தது. ரோவன் அட்கின்சன் நாயகன். முதல் தொடரை அவரும் ரிச்சர்ட் கர்ட்டிஸும் எழுதினார்கள், அடுத்த மூன்றையும் கர்ட்டிஸும் பென் எல்ட்டனும் எழுதினார்கள். இடைக்காலம், முதலாம் எலிசபெத் காலம், ரீஜன்சி காலம், முதல் உலகப் போர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலம். எல்லாவற்றிலும் அதே பேரில் ஒரு குயுக்திக்காரன், அவனுக்கு ஓர் எடுபிடி பால்ட்ரிக். காலக்கணக்கைப் பற்றி எழுதியவர்களுக்குக் கவலையே இல்லை. மூன்றாம் தொடரில் டாக்டர் ஜான்சன் தன் அகராதிக்கு ஆதரவு கேட்டு இளவரசர் ஜார்ஜிடம் வருகிறார். ஜான்சனின் அகராதி வெளிவந்தது 1755இல், அந்த இளவரசர் பிறந்ததோ 1762இல்! இது தெரியாமல் செய்த பிழை அல்ல. இங்கிலாந்தில் 1930இலேயே செல்லர், யேட்மன் என்ற இருவர் '1066 அண்டு ஆல் தட்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பள்ளிக்கூட வரலாறு பிள்ளைகள் தலையில் எப்படிக் குழம்பிப்போய்க் கிடக்கிறதோ அப்படியே அச்சில் வைத்த புத்தகம் அது. அந்தப் பரம்பரையில் வந்த தொடர் இது.

போர்த் தொடரின் கடைசிப் பகுதி 1989 நவம்பர் 2ஆம் தேதி ஒளிபரப்பானது. அதில் ஒரு இடம். போர் எப்படித் தொடங்கியது என்று பேச்சு வருகிறது. ஆர்ச்சி டியூக் என்று ஓர் ஆள் பசியில் ஒரு ஆஸ்ட்ரிச்சை, அதாவது நெருப்புக்கோழியைச் சுட்டுவிட்டானாம், அதனால் வந்த சண்டையாம். இது பால்ட்ரிக்கின் விளக்கம். ஆஸ்திரியாவின் 'ஆர்ச்டியூக்' பெர்டினாண்ட் சுட்டுக்கொல்லப்பட்டார் என்ற செய்தி அடிமட்டச் சிப்பாயின் காதுக்கு வந்துசேரும்போது இப்படி ஆகிவிடுகிறது. இந்த நகைச்சுவைக்குச் சிரிக்கவேண்டும் என்றால் ஆர்ச்டியூக் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிள்ளை பக்கத்தில் சிரிக்கிறவனைப் பார்த்து 'என்னடா?' என்று கேட்கும். ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? பகடி மூலத்தை அழித்துவிடுவதில்லை, மூலத்தைத் தேடிப் போகவைக்கிறது. கோவ் தவறவிட்ட விஷயம் இது.

ஆனால் இதோடு பிளாக்ஆடருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட நான் தயாராயில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. மடன் என்பதற்கு, ஒருவர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமலிருத்தல் என்பதாக உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு பிளாக்ஆடரைப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். எள்ளல் நாயகனுடையது. பால்ட்ரிக்கிடம் இருப்பது இளமை, குழந்தைத்தனம். பேதைமை ஜெனரல் மெல்செட்டிடம் இருக்கிறது. மேட்டுக்குடி இளைஞன் லெப்டினன்ட் ஜார்ஜ் மடனுக்கு உதாரணம். 1914இல் தன்னோடு கும்பலாகப் பட்டாளத்தில் சேர்ந்த கேம்பிரிட்ஜ் நண்பர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள், மிச்சம் தான் ஒருத்தன்தான் என்று எண்ணி முடிக்கும்வரை அவனுக்குத் தேசபக்தி குறைவதில்லை. பதுங்குகுழியைவிட்டு எழுந்து எல்லாரும் ஓடுகிறார்கள். படம் மெதுவாகிறது, புகை, பிறகு பாப்பிப் பூ வயல். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை.

ஆக, போர் ஏன் நடந்தது என்ற கேள்விக்கு இந்தத் தொடர் தரும் விடை: பேதைமையும் மடனும். மேலே இருந்தவன் முட்டாள், கீழே இருந்தவன் ஏமாளி. தளபதி ஹெய்க் மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களைத் தட்டிவிட்டு, முறத்தில் கூட்டி அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசுகிற காட்சி ஒன்று வருகிறது. சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தார்கள், அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சி நெஞ்சில் தைக்கும். மறுபக்கம், எழுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஜெனரல்களும் அந்தப் போரில் செத்தார்கள். எல்லா ஜெனரலும் பாதுகாப்பாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கவில்லை. கேரி ஷெஃபீல்டு போன்ற ராணுவ வரலாற்றாசிரியர்கள் இதையெல்லாம் எடுத்துக்காட்டி, ஹெய்க்கை மறுபடி எடைபோட வேண்டும் என்கிறார்கள்.

எனக்கு இதில் ஹெய்க்கின் மானம் முக்கியமில்லை. முட்டாள்தனம் என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஹெய்டன் ஒயிட் 1973இல் வெளிவந்த தன் நூலில், வரலாற்றாசிரியன் தகவல்களை அடுக்கும்போதே வீரகாவியம், அவலம், இன்பியல், அங்கதம் என்று ஏதாவதொரு கதைப்பின்னலில் போட்டுத்தான் அடுக்குகிறான் என்றார். கோவ் 1914ஐ வீரகாவியமாக எழுதுகிறார், பிளாக்ஆடர் அங்கதமாக எழுதுகிறது. வடிவம் மாறுகிறதே ஒழிய பாத்திரங்கள் மாறுவதில்லை. முட்டாள்தனம் தனிமனிதக் குணம், அமைப்புக்கு அது கிடையாது. எண்ணெய், சந்தை, காலனி, கடன் இவற்றுக்காகக் கணக்குப் போட்டவர்கள் முட்டாள்களாக இருக்கவில்லை. கணக்கில் அவர்கள் கெட்டிக்காரர்கள். 'அட, மடையன்களா' என்று சிரித்து முடிக்கும்போது அந்தக் கணக்குப் புத்தகத்தை நாமே மூடிவைத்துவிடுகிறோம்.

3

அதே கடைசிப் பகுதியில் இன்னொரு இடம். பட்டாளத்தில் தான் சேர்ந்த காலத்தில் போர் எவ்வளவு சுகமாக இருந்தது என்று பிளாக்ஆடர் சொல்கிறான். எதிரியிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதுதான் பிரிட்டிஷ் படையெடுப்பின் முதல் நிபந்தனையாம். ஈட்டி இருந்தால்கூட யோசிப்பார்களாம். குள்ளமாக, கையில் காய்ந்த புல் வைத்திருக்கிறவர்களோடு சண்டை போடுவதே பிடிக்குமாம். காலனியப் போர்களைப் பற்றி இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் இவ்வளவு சுருக்கமாக, கூர்மையாக வந்த விமர்சனங்கள் குறைவு. சாம்ராஜ்யத்தின் வீரத்தை ஒரே வீச்சில் கிழித்துவிடுகிறது. எள்ளல் மேல்நோக்கிப் பாய்கிறது.

சற்று நேரம் கழித்து அவன் ஹெய்க்குக்கு ஃபோன் போடுகிறான். 1892இல் ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளத்தாக்கில், கூராகச் சீவிய மாங்காய்த் துண்டோடு பாய்ந்துவந்த ஒரு பிக்மிப் பெண்ணிடமிருந்து நான்தானே உங்கள் உயிரைக் காப்பாற்றினேன் என்று நன்றிக்கடனை ஞாபகப்படுத்துகிறான். அரங்கம் சிரிக்கிறது. இந்தத் தடவை யாரைப் பார்த்து? ஒரு பெண்ணின் மாங்காய்த் துண்டுக்குப் பயந்த ஹெய்க்கைப் பார்த்து என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தச் சிரிப்பு ஹெய்க்கைத் தொடுவதற்கு முன் அந்தப் பெண்ணின் மேல் ஏறி மிதித்துவிட்டுத்தான் போகிறது. அவளுக்குப் பேர் இல்லை, வசனம் இல்லை, அவள் திரையில் வருவதுகூட இல்லை. அவள் கையில் மாங்காய் இருப்பதே சிரிப்பு. தன் மண்ணுக்குள் நுழைந்த பட்டாளத்தை எதிர்க்க வந்தவள் அவள் என்ற எண்ணம் அந்தச் சிரிப்புக்குள் எங்கேயும் இல்லை. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைக் கேலி செய்வதற்கு அவள் ஒரு மேடைச்சாமான்.

பதுங்குகுழியில் இந்தியச் சிப்பாய் ஒருத்தன்கூட இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கதை நடப்பது 1917. இந்தியக் காலாட்படைகள் 1915 கடைசியிலேயே பிரான்ஸிலிருந்து மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டுவிட்டன, அதனால் அது சரிதானே என்று ஒருவர் சொல்லக்கூடும். குதிரைப்படை அங்கேதான் இருந்தது, தொழிலாளர் படைகளும் வந்திருந்தன. அதைவிட, அகராதியை ஐம்பது வருசம் நகர்த்திவைக்கிற துணிச்சல் உள்ளவர்களுக்கு ஒரு சிப்பாயை ரெண்டு வருசம் நகர்த்த முடியாதா? அந்தப் போருக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள், எழுபதாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். பிரான்ஸில் நவ் ஷபேல் என்ற ஊரில் 1927இல் திறக்கப்பட்ட நினைவுமண்டபத்தில் 4,700க்கும் அதிகமான இந்தியப் பேர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 1917இல் இந்திய அரசு 10 கோடி பவுனைப் போருக்கு 'அன்பளிப்பாக'க் கொடுத்தது. யார் காசு அது? பேதைமை, மடன் என்ற களங்களுக்குள் இதை அடக்கமுடியாது. ஜார்ஜ் தேசபக்தியில் ஏமாந்தான். பஞ்சாபின் விவசாயி எந்தத் தேசபக்தியில் ஏமாந்தான்?

2014 சண்டையை இந்த இடத்திலிருந்து பார்த்தால் அது ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டையாகத் தெரிகிறது. நம்ம பிள்ளைகள் நல்ல காரியத்துக்காகச் செத்தார்கள் என்கிறது ஒரு தரப்பு, நம்ம பிள்ளைகளை அநியாயமாகச் சாகடித்தார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. அந்த 'நம்ம'வுக்குள் யார் யார் என்பதில் பெரிய தகராறு இல்லை.

அந்தப் போரை நம்ம மக்களும் ஒரு சிரிப்பில்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. ஊர் காலியானது. சாம்ராஜ்யத்தின் காவல் இவ்வளவுதானா என்று ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 'அவன் சரியான எம்டன்' என்பது தமிழில் ஒரு வழக்காகிவிட்டது. பயமும் பாராட்டும் கேலியும் கலந்த சொல். அதைச் சொல்கிற பலருக்கு அது கப்பல் என்றே தெரியாது. பாடநூல் சொல்லாத ஒன்றை வசவுக்கும் கொஞ்சலுக்கும் நடுவில் ஒரு சொல் சுமந்துகொண்டிருக்கிறது. பிளாக்ஆடரின் ஆர்ச்சி டியூக் மாதிரி, எம்டனும் மூலத்தைத் தேடிப் போகச் சொல்லும் பகடிதான்.

4

குழந்தைகளுக்கென்றே வந்தது 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்'. டெரி டியரி எழுதி மார்ட்டின் பிரவுன் படம் போட்ட இந்தப் புத்தக வரிசை 1993இல் தொடங்கியது. டியரி பள்ளிக்கூடத்தை வெறுத்தவர், தான் வரலாற்றாசிரியர் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர். 2009 ஏப்ரலில் பிபிசியின் குழந்தைகள் அலைவரிசையில் இது தொலைக்காட்சித் தொடரானது. 2010இல் பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளோடு போட்டிபோட்டு பிரிட்டிஷ் காமெடி விருதை வாங்கியது. ரேட்டஸ் ரேட்டஸ் என்று ஒரு பொம்மை எலி நடுநடுவே வந்து, 'இது நிஜமாகவே நடந்தது' என்று அட்டை பிடிக்கும். உண்மை எது, ஜோடனை எது என்று பிள்ளைக்குக் கோடு போட்டுக் காட்டுகிற பொறுப்பு ஒரு எலியிடம்! சாக்கடை எலிக்கு ராஜாக்களின் வரலாறு நன்றாகத் தெரியும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதன் விஷயமே பீயும் மூத்திரமும் பேனும் கொள்ளைநோயும்தான். எட்டாம் ஹென்றி கக்கூஸ் போகும்போது கூடவே இருந்து பணிவிடை செய்ய ஓர் அதிகாரி இருந்தார், பிரபுக்கள் அந்தப் பதவிக்குப் போட்டி போட்டார்கள். ரோமானியர்கள் மூத்திரத்தில் துணி வெளுத்தார்கள். பக்தின் ரபலேயைப் பற்றி எழுதும்போது சொன்ன திருவிழாச் சிரிப்பு இதுதான். அதிகாரத்தைத் தலையிலிருந்து இறக்கி, வயிற்றுக்கும் அதற்குக் கீழேயும் கொண்டுவருகிற சிரிப்பு. ராஜாவுக்கும் உடம்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை அப்புறம் ராஜாவைக் கும்பிடாது. அது மட்டுமில்லை, பீ என்று வந்தால் அள்ளியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். டியூடர் கால லண்டனில் ராத்திரியில் மலக்குழிகளைக் காலிசெய்த கூலிகள் இருந்தார்கள். இங்கிலாந்துப் பிள்ளைக்கு அது முடிந்துபோன கதை, சிரிக்கலாம். 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் குழிக்குள் இறங்கி ஆள் செத்துக்கொண்டிருக்கிற நாட்டில் அதே காட்சிக்கு அவ்வளவு லேசாகச் சிரிக்கமுடியாது. கடந்தகாலம் கடந்திருந்தால்தான் இந்தவகைச் சிரிப்பு சாத்தியம்.

இந்தத் தொடரும் ஒரு இடத்தில் சறுக்கியது. ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீகோல் கிரைமியப் போரில் செவிலியாகப் பணிசெய்ய லண்டனில் கேட்டுப் பார்த்து, எங்கும் சேர்த்துக்கொள்ளப்படாமல், சொந்தச் செலவில் போர்முனைக்குப் போய் பலாக்லாவா அருகே விடுதி நடத்திச் சிப்பாய்களைக் கவனித்துக்கொண்டவர். தன் நிறம்தான் காரணமோ என்ற கேள்வியை 1857இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுப்புகிறார். இதை நகைச்சுவைக் காட்சியாக்கியபோது புளோரன்ஸ் நைட்டிங்கேலே நிறம் பார்த்து அவரை விரட்டியதாகக் காட்டிவிட்டார்கள். நைட்டிங்கேல் ஆதரவாளர்கள் புகார் கொடுத்தார்கள், 2014இல் பிபிசி டிரஸ்ட் அந்தக் காட்சி தவறானது என்று முடிவு சொன்னது. முடிவு சரியானதே. ஆனால் அந்தப் பிழை ஏன் நேர்ந்தது? நிறவெறி ஒரு நிறுவனத்தில் பல மேஜைகளில், பல மரியாதையான பதில்களில் சிதறிக்கிடந்தது. நகைச்சுவைக் காட்சிக்கோ ஒரு முகம் வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த முகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பிளாக்ஆடரில் அமைப்பு முட்டாளாகச் சுருங்கியது, இங்கே ஒரு கெட்டவளாகச் சுருங்கியது. நைட்டிங்கேல் குற்றமற்றவர் என்று தீர்ப்பானதும் மற்ற மேஜைகளும் தப்பித்துக்கொண்டன.

அப்படியானால் அமைப்பைக் காட்ட நகைச்சுவையால் முடியவே முடியாதா? முடியும். 2020 ஜனவரியில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய நேரத்தில், இதே தொடரின் பழைய பாட்டு ஒன்றை நிஷ் குமார் என்ற நகைச்சுவையாளரின் அறிமுகத்தோடு மறுபடி காட்டினார்கள். விக்டோரியா அரசி பிரிட்டிஷ் பொருள்கள்தான் தனக்கு வேண்டும் என்கிறாள். பட்லர் ஒவ்வொன்றாக விளக்குகிறான்: தேயிலை இந்தியாவிலிருந்து, சர்க்கரை கரீபியத் தீவிலிருந்து, அதற்குப் பின்னால் அடிமைகள். அரசியின் மேஜை காலியாகிக்கொண்டே வருகிறது. பிபிசியின் நெறியாளரான ஆண்ட்ரூ நீலே இதை பிரிட்டிஷ் விரோதக் குப்பை என்கிற மாதிரி ட்விட்டரில் திட்டினார். திட்டு விழுந்ததில் ஆச்சரியமில்லை. இந்தப் பாட்டில் முட்டாளும் இல்லை, வில்லனும் இல்லை. அரசி அப்பாவியாகக்கூட இருக்கலாம். சிரிப்பு ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு அது வந்த வழியிலேயே திரும்பிப் போகிறது. பாத்திரத்தைவிட்டுப் பண்டத்தைப் பின்தொடர்கிறபோது பகடி அரசியல் பொருளாதாரமாகிறது.

அந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நம்ம ஆட்கள் வந்துவிடுவார்கள். பாட்டில் அடிமை வருகிறான், ஒப்பந்தக் கூலி வருவதில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. அடுத்த வருசமே மொரீஷியஸின் கரும்புக்கு இந்தியர்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் முதல் கூட்டத்தை இறக்கியது. இலங்கை மலைகளில் காப்பி நோய்வந்து அழிந்தபின் தேயிலை பரவியது, அதைப் பறித்த கைகள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவை. அவர்களின் சந்ததியைத்தான் 1948இல் சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கியது. விக்டோரியாவின் கோப்பை அவ்வளவு தூரம் வருகிறது.

5

மாலைப் பள்ளிகள் நடத்துகிற, பிள்ளைகளோடு நாடகம் போடுகிற நண்பர்கள் சிலர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தை. இந்த மாதிரி நகைச்சுவையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்றால், தாராளமாகக் காட்டலாம். தகவல் பிழை வந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், எலி மாதிரி அட்டை பிடிக்க நாம் இருக்கிறோம். பிழையைக் கண்டுபிடிப்பதையே விளையாட்டாக்கிவிட முடியும். ஜான்சனும் இளவரசரும் எந்த வருசம், நீயே பார் என்று பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

சிரமமான வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. சிரித்து முடித்ததும் படத்தை நிறுத்தவேண்டும். இப்போது யாரைப் பார்த்துச் சிரித்தோம், அவர் இருந்த இடத்தில் வேறு ஆள், ஒரு புத்திசாலி இருந்திருந்தால் இந்தக் காரியம் நடக்காமல் போயிருக்குமா என்று கேட்கவேண்டும். ஹெய்க்குக்குப் பதில் ஒரு மேதை இருந்திருந்தால் அந்த 10 கோடி பவுன் போகாமல் இருந்திருக்குமா என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

அப்புறம், மாங்காய்த் துண்டோடு வந்த அந்தப் பெண்ணை வைத்து ஒரு காட்சி எழுதச் சொல்லிப் பார்க்கவேண்டும். அவளுக்கு ஒரு பேர் வைக்கட்டும். அவள் கையில் மாங்காய்தான் இருந்ததா, அதை யார் சொன்னது என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும். துப்பாக்கியும் தொப்பியுமாக வெயிலில் வியர்த்துக்கொண்டு தன் பள்ளத்தாக்குக்குள் வந்து நிற்கிற அந்த ஆள் அவள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பான்? அங்கேயும் சிரிப்பு வரும் என்றுதான் நினைக்கிறேன். அது வேறு மாதிரிச் சிரிப்பாக இருக்கும்.